பத்து விநாடி அளவீட்டிலிருந்து ஷிப்ட் கணக்கு வரை: நூற்பாலையின் மின் தரவைக் காலவாரியாகத் தொகுத்த பதிவு

நூற்பாலையில் மின்சாரக் கணக்கு மாதக் கடைசியில் வரும் பில்லோடு முடிவதில்லை. பஞ்சை விட்டால் செலவில் முன்வரிசையில் நிற்பது மின்சாரம்தான் என்பதால், ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் செலவானது என்பதை, மில்லில் எல்லோரும் யுகேஜி என்று சொல்லும் அந்த எண்ணை, ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். கோயம்புத்தூர் வட்டாரத்தில் நான் பராமரிக்கும் ஓர் ஆலையில் ப்ளோரூம், கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ரிங் ஃபிரேம், ஆட்டோகோனர், கம்ப்ரசர், ஹியூமிடிஃபிகேஷன் என்று துறைவாரியாகப் பிரித்து 40 மின் மீட்டர்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றையும் பத்து விநாடிக்கு ஒருமுறை படித்து, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்த்து, டைம்ஸ்கேல்டிபி என்ற நீட்சியின் துணையோடு கால்மணி, ஷிப்ட், நாள், மாதம் என்று தொகுத்துத் தரும் அமைப்பைக் கட்டிய விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிட வேண்டும். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு மீட்டருக்கு ஒரு நாளில் 8,640 அளவீடுகள். 40 மீட்டர்களுக்கு நாளொன்றுக்கு 3,45,600 வரிசைகள்; ஓராண்டுக்கு 12 கோடியே 61 லட்சத்துக்கு மேல். இவற்றைச் சேமிப்பது இன்றைய வன்தட்டுக்குப் பெரிய பாரம் அல்ல. ஆனால் சென்ற மார்ச் மாதத்தில் முழு நைட் ஷிப்ட்டில் மட்டும் ரிங் ஃபிரேம்கள் எவ்வளவு எடுத்தன என்று ஒருவர் கேட்கும்போதெல்லாம் மூல வரிசைகளை அடியிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தால், கேட்டவர் திரையின் முன் காத்திருந்து சலித்துப் போவார். அதையே கால்மணிக்கு ஒரு வரிசையாகச் சுருக்கினால் நாளொன்றுக்கு 3,840 வரிசைகளே ஆகும். தொண்ணூறில் ஒரு பங்காகச் சுருங்கிய அந்த அட்டவணையிலிருந்து எந்தக் கேள்விக்கும் உடனே பதில் வரும்.

காலவாரியாகச் சுருக்குவதற்கு போஸ்ட்கிரெஸிலேயே கருவிகள் இருக்கின்றன. டேட்_டிரங்க் என்ற சார்பு நேரமுத்திரையை மணி, நாள், மாதம் என்ற எல்லைக்கு வெட்டித் தரும். 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து டேட்_பின் என்ற சார்பும் உண்டு. அது 15 நிமிடம், 20 நிமிடம் என்று நாம் சொல்லும் அகலத்துக்கு, நாம் சொல்லும் தொடக்கப் புள்ளியிலிருந்து வெட்டும், ஆனால் மாதம், ஆண்டு ஆகிய அகலங்களை ஏற்காது. தொகுத்ததைச் சேமித்து வைக்க மெட்டீரியலைஸ்டு வியூ உண்டு. ஐந்தாறு மீட்டர்கள் மட்டும் உள்ள சிறிய பட்டறைக்கு இவையே போதும் என்பது என் கருத்து; அங்கே வேறு நீட்சியை நிறுவிப் பராமரிக்கும் வேலை வீண். எங்கள் அளவில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், மெட்டீரியலைஸ்டு வியூவைப் புதுப்பிக்கச் சொன்னால் அது கடைசிக் கால்மணியை மட்டும் கணக்கிடாமல் தொடக்கம் முதல் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடுகிறது. கால்மணிக்கு ஒருமுறை பன்னிரண்டு கோடி வரிசைகளைக் கூட்டச் சொல்வது எந்தச் சர்வருக்கும் நியாயமில்லை.

டைம்ஸ்கேல்டிபியில் 2019-இல் 1.3 பதிப்போடு வந்த தொடர் தொகுப்பு என்னும் வசதி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. மூல அட்டவணையை முதலில் ஹைப்பர்டேபிளாக மாற்ற வேண்டும். அப்போது அது காலத்தை வைத்துத் துண்டுதுண்டாகப் பிரிந்துகொள்ளும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு துண்டு ஏழு நாளுக்கு. அதன் மேல் டைம்_பக்கெட் என்ற சார்பைக் கொண்டு தொகுப்பை வரையறுத்தால், எந்தக் காலப்பகுதியில் மூல வரிசைகள் புதிதாக வந்தன, மாறின, நீங்கின என்பதைத் தரவுத்தளமே குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த புதுப்பிப்பில் அந்தப் பகுதியை மட்டும் திரும்பக் கணக்கிடும். நிறுவும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நீட்சி இரண்டு உரிமங்களில் கிடைக்கிறது. அப்பாச்சி உரிமத்தில் மட்டும் வரும் பதிப்பில் தொடர் தொகுப்பு இல்லை. டைம்ஸ்கேல் உரிமத்தில் வரும் சமூகப் பதிப்பில்தான் உண்டு.

கருவியைத் தேர்ந்த பிறகு, இந்த வேலையில் அதிகம் யோசிக்க வைத்தது அடிப்படைக் கட்டம் எத்தனை நிமிடமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி. ஒரு மணி நேரம் என்று வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். இந்திய நேரத்தில் அது சரிப்படாது. நேரமண்டலத்தோடு கூடிய நேரமுத்திரையை போஸ்ட்கிரெஸ் உள்ளுக்குள் உலகப் பொது நேரமாகவே வைத்துக்கொள்கிறது. டைம்_பக்கெட் சார்பும், மண்டலத்தை நாம் தனியாகச் சொல்லாதவரை, அந்த நேரத்திலேயே வெட்டுகிறது. நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி முன்னே நிற்கிறது. ஆகவே அது வெட்டித் தரும் மணிக் கட்டங்கள் நம் கடிகாரத்தில் 5.30, 6.30, 7.30 என்று அரை மணியில் தொடங்குகின்றன. நாள் கட்டமோ காலை 5.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 5.30-க்கு முடிகிறது. அப்படிச் சேமித்த மணிக் கட்டங்களை எப்படிக் கூட்டினாலும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையிலான நம் நாள் வராது, ஏனென்றால் நம் நள்ளிரவு ஒரு கட்டத்தின் நடுவில் விழுகிறது. சேமித்த பிறகு அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரிக்க வழியே கிடையாது.

இதற்கு மேல் ஷிப்ட் இருக்கிறது. இந்த ஆலையில் பகல் ஷிப்ட் காலை 8 முதல் மாலை 4.30 வரை, அரை நைட் 4.30 முதல் இரவு 1 வரை, முழு நைட் 1 முதல் காலை 8 வரை. முதலிரண்டும் எட்டரை மணி நேரம், மூன்றாவது ஏழு மணி நேரம். சம அகலக் கட்டங்களாக வெட்டும் எந்தச் சார்பாலும் இதை நேரடியாக வெட்ட முடியாது. மின்வாரியத்தின் உச்ச நேரம், இரவுத் தள்ளுபடி நேரம் ஆகியவற்றுக்கு வேறு எல்லைகள். மில்லின் நாள் காலை 8-க்குத் தொடங்குகிறது. கணக்குப் பிரிவின் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. இத்தனை எல்லைகளையும் ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றையும் மீதமின்றி வகுக்கும் மிகப் பெரிய கட்டம் எது என்று பார்த்தேன். அரை மணியே போதும் என்று கணக்கு சொல்லியது. இருந்தாலும் 15 நிமிடத்தைத் தேர்ந்தேன். இந்திய மின்தொகுப்பின் அட்டவணையிடல் ஒரு நாளை 96 கால்மணிக் கட்டங்களாகப் பிரித்தே நடக்கிறது. வாரிய மீட்டரின் பதிவுகளோடு ஒப்பிட நேர்ந்தால் அதே கட்டம் கையில் இருப்பது நல்லது. ஐந்தரை மணி நேரம் என்பது சரியாக 22 கால்மணிகள் என்பதால், உலகப் பொது நேரத்தில் வெட்டினாலும் கால்மணிக் கட்டம் நம் கடிகாரத்தின் கால்மணியோடு அப்படியே பொருந்துகிறது. அந்த அளவில் நேரமண்டலத்தைப் பற்றிய கவலையே எழாது.

மீட்டரிலிருந்து எந்த எண்ணைப் படிப்பது என்பதையும் இந்தக் கட்டத்தை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் மீட்டர்கள் ஆர்எஸ்-485 கம்பி வழியாக மோட்பஸ் என்ற தரவுப் பரிமாற்ற முறையில் பேசுகின்றன. மொத்த யூனிட்டை அவை இரண்டு வடிவில் தருகின்றன: 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக ஒன்று, வாட்-மணியில் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்) 32 பிட் முழு எண்ணாக மற்றொன்று. மிதவைப் புள்ளியைப் படிப்பது வசதி, ஏனென்றால் யூனிட் அப்படியே புள்ளியோடு வந்துவிடும். ஆனால் அந்த வடிவத்தில் 24 பிட் அளவுக்கே துல்லியம் உண்டு. மொத்தம் 8 லட்சம் யூனிட்டைத் தொட்ட மீட்டரில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான மிகச் சிறிய படி 0.0625 யூனிட். 2 கிலோவாட் மட்டும் எடுக்கும் ஒரு விளக்கு லைனில் கால்மணிக்கு அரை யூனிட்தான் ஓடும்; அது எட்டே படிகள். ஒரு படி இப்படியோ அப்படியோ போனால் எட்டில் ஒரு பங்கு பிழை. ஆகவே முழு எண் பதிவேட்டையே எல்லா மீட்டர்களிலும் படிக்கிறேன்.

முழு எண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. குறியில்லாத 32 பிட் எண் 429,49,67,295-இல் முடிந்து மறுபடி சுழியத்துக்குப் போகும். வாட்-மணியில் அது ஏறத்தாழ 42.9 லட்சம் யூனிட். ஆலைக்குள் வரும் மொத்த மின்சாரத்தை அளக்கும், நாளொன்றுக்கு 15,000 யூனிட் ஓடும் இன்கமர் மீட்டர் ஒன்பதரை மாதத்திலேயே அந்த வரம்பைத் தொட்டுவிடும். போஸ்ட்கிரெஸில் குறியில்லாத எண் வகை இல்லை. அதன் சாதாரண முழு எண் வகை இதில் பாதி வரைதான் கொள்ளும். அதனால் அந்த எண் நிற்கும் அட்டவணைப் பத்தியைத் தொடக்கத்திலேயே 64 பிட் எண்ணாக அமைத்தேன்.

அட்டவணைகளுக்கும் பத்திகளுக்கும் தமிழிலேயே பெயர் வைத்தேன்: மின்_அளவீடு, மீட்டர், நேரம், மொத்தம். போஸ்ட்கிரெஸ் இதைத் தடையின்றி ஏற்கிறது. பெயரின் நீளத்துக்கு 63 பைட் என்ற எல்லை இருப்பதும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதும் மட்டும் நினைவில் இருக்க வேண்டும். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் 21 குறியீடுகளுக்குள் பெயர் அடங்க வேண்டும். அதைத் தாண்டினால் போஸ்ட்கிரெஸ் வால் பகுதியை வெட்டிவிடும்.

அடுத்து, ஒரு கால்மணி வரிசையில் என்னென்ன இருக்க வேண்டும்? இதில் நான் கடைப்பிடித்த விதி ஒன்றுதான்: மேலே போகப் போகப் பிழையின்றிச் சேர்க்கக்கூடியவற்றை மட்டும் சேமிக்க வேண்டும். கூட்டுத்தொகை, எண்ணிக்கை, சிறுமம், பெருமம், கட்டத்தின் கடைசிப் பதிவு ஆகியவை அப்படிப்பட்டவை. நான்கு கால்மணிகளின் பெருமங்களில் பெரியது அந்த மணியின் பெருமமேதான். சராசரி அப்படிப்பட்டதல்ல, கிலோவாட்-மணியைக் கிலோவோல்ட்-ஆம்பியர்-மணியால் வகுத்து வரும் பவர் ஃபேக்டர் அறவே அல்ல. ஒரு கட்டத்தில் 100 யூனிட் ஓடி பவர் ஃபேக்டர் 1 என்றும், அடுத்த கட்டத்தில் 5 யூனிட் மட்டும் ஓடி பவர் ஃபேக்டர் 0.5 என்றும் வைத்துக்கொண்டால், இரண்டின் சராசரி 0.75 என்று வரும். உண்மையில் கிலோவாட்-மணி 105, கிலோவோல்ட்-ஆம்பியர்-மணி 110, வகுத்தால் 0.95-க்கு மேல். ஆகவே பவர் ஃபேக்டரை நான் எங்கும் சேமிக்கவில்லை. இரண்டு மொத்தங்களையும் சேமித்து, எந்தக் காலத்துக்குக் கேட்கிறார்களோ அந்தக் காலத்துக்கு அப்போது வகுத்துக்கொள்கிறேன்.

சராசரிகளின் சராசரி தவறு, கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் வைத்து எடைபோட்ட சராசரியே சரி என்று பொதுவாகச் சொல்வார்கள். மின் அளவீட்டில் அதுவும் முழு உண்மையாவதில்லை. முதல் கால்மணியில் 90 அளவீடுகள், சராசரி 40 கிலோவாட். இரண்டாம் கால்மணியில் கம்பித் தொடர்பு விட்டுவிட்டு வந்ததால் 9 அளவீடுகள்தான், சராசரி 10 கிலோவாட். எண்ணிக்கையால் எடைபோட்டால் அரை மணிக்கு 37 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. எளிய சராசரி 25. மெஷின் இரண்டாம் கால்மணி முழுவதும் 10 கிலோவாட்டில்தான் ஓடியது என்றால் 25 என்பதே உண்மை. எது நடந்தது என்பதை அளவீடுகளின் எண்ணிக்கை சொல்லாது. மீட்டரின் மொத்தப் பதிவேடு சொல்லும். நம் தொடர்பு அறுந்தாலும் மீட்டர் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. இந்தக் காரணத்தால் யூனிட் கணக்கு எதையும் கிலோவாட் சராசரியிலிருந்து நான் வருவிப்பதில்லை. யூனிட் என்றால் இரண்டு பதிவுகளின் வேறுபாடு, அவ்வளவுதான். கிலோவாட்டின் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் வரைபடத்தில் போக்கைப் பார்ப்பதற்காக மட்டும் நிற்கின்றன.

வேறுபாட்டை எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டைம்ஸ்கேல்டிபியில் ஃபர்ஸ்ட், லாஸ்ட் என்று இரண்டு சார்புகள் இருப்பதால், கட்டத்தின் கடைசிப் பதிவிலிருந்து முதல் பதிவைக் கழித்தால் போதும் என்று தோன்றும். ஒரு கால்மணியின் 90 அளவீடுகளில் முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே 890 விநாடிகள்தான் இருக்கின்றன. மீதிப் பத்து விநாடி இரண்டு கட்டங்களுக்கு இடையே விழுந்து யார் கணக்கிலும் வராமல் போகிறது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் என்பது சின்னதாகத் தெரியலாம். ஒரு நாளில் 96 கட்டங்களுக்கும் சேர்த்தால் 960 விநாடி, அதாவது பதினாறு நிமிட மின்சாரம் கணக்கில் இல்லாமல் போகும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கடைசிப் பதிவை மட்டும் சேமித்து, இந்தக் கட்டத்தின் கடைசியிலிருந்து முந்தைய கட்டத்தின் கடைசியைக் கழிக்கிறேன். இந்தக் கழித்தலைத் தொடர் தொகுப்பின் உள்ளே வைக்காமல், அதன் மேல் எழுதிய சாதாரண வியூவில், முந்தைய வரிசையின் மதிப்பைத் தரும் லேக் என்ற சாளரச் சார்பைக் கொண்டு செய்கிறேன்.

இந்த முறையில் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. ஒரு நாளின் 96 கால்மணி யூனிட்டுகளைக் கூட்டினால், அந்த நாளின் கடைசிப் பதிவுக்கும் முந்தைய நாளின் கடைசிப் பதிவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வாட்-மணிகூடப் பிசகாமல் வர வேண்டும், ஏனென்றால் நடுவில் உள்ளவை எல்லாம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். எல்லாம் முழு எண்கள் என்பதால் புள்ளிக்குப் பின்னான பிழைக்கும் இடமில்லை. தினமும் அதிகாலையில் ஓடும் ஒரு சிறு வினவல் 40 மீட்டர்களுக்கும் இந்தச் சமன்பாட்டைச் சரிபார்க்கிறது.

தொடர்பு அறுந்த நேரத்தில் லேக் சார்பு தரும் முந்தைய வரிசை கால்மணிக்கு முந்தையதாக இல்லாமல், இரண்டு மணி நேரத்துக்கு முந்தையதாக இருக்கலாம். அப்போது அந்த வேறுபாடு இரண்டு மணி நேர மின்சாரம். அதை ஒரே கால்மணியில் ஏற்றினால் வரைபடத்தில் இல்லாத ஒரு மலை எழும். ஆகவே முந்தைய வரிசையின் நேரத்தையும் கூடவே எடுத்து, இடைவெளி கால்மணியைத் தாண்டினால் யூனிட்டை இடைப்பட்ட கட்டங்களுக்குச் சமமாகப் பகிர்ந்து, அந்த வரிசைகளில் மதிப்பீடு என்று குறியிட்டுவிடுகிறேன். இடைவெளி ஒரே ஷிப்ட்டுக்குள் அடங்கினால் ஷிப்ட் கணக்கு கெடுவதில்லை. ஷிப்ட் எல்லையைக் கடந்து நின்றால், அந்த இரண்டு ஷிப்ட் எண்களின் பக்கத்திலும் அறிக்கையில் நட்சத்திரக் குறி விழும். மதிப்பிட்ட எண்ணை அளந்த எண்ணைப் போல அச்சிடக் கூடாது. அந்த ஷிப்ட்டின் மேஸ்திரியிடம் அதை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

மீட்டரை மாற்றும்போது பதிவு திடீரென்று கீழே இறங்கும். வரம்பைத் தொட்டுத் திரும்பும்போதும் இறங்கும். இரண்டையும் எண்ணை மட்டும் பார்த்துப் பிரித்தறிவது ஆபத்து. பழுது பார்த்த பழைய மீட்டரைப் பொருத்தினால் பதிவு இறங்காமல் ஏறவும் கூடும். ஆகவே மீட்டர்_மாற்றம் என்று தனி அட்டவணை வைத்து, கழற்றிய மீட்டரின் கடைசிப் பதிவு, பொருத்தியதன் முதல் பதிவு, நேரம் ஆகியவற்றை எலக்ட்ரீஷியன் கைப்பேசியிலிருந்தே பதியும்படி செய்தேன். அந்த அட்டவணையில் விளக்கம் இல்லாத எந்த இறக்கத்தையும் அமைப்பு தானாகச் சரிசெய்யாது. அந்த மீட்டரின் யூனிட்டைக் காலியாக விட்டு எச்சரிக்கும்.

புதுப்பிக்கும் கொள்கைக்கு வருவோம். தொடர் தொகுப்பின் கொள்கையில் மூன்று காலங்களைச் சொல்ல வேண்டும்: எவ்வளவு பழையதிலிருந்து பார்ப்பது, எவ்வளவு புதியதை விட்டுவிடுவது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஓடுவது. பிந்தைய இரண்டும் எளிது. ஓட்டம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. இன்னும் நிரம்பாத கட்டத்தைத் தொடாதபடி கடைசி அரை மணியை விட்டுவிடுகிறேன். முதலாவது காலத்தைத் தீர்மானிப்பது ஆலையின் நடைமுறை. ஷெட்டில் இருக்கும் ராஸ்பெர்ரி பை கணினி, சர்வரோடு தொடர்பு இல்லாதபோது அளவீடுகளைத் தன்னிடமுள்ள எஸ்க்யூலைட் கோப்பில் வைத்துக்கொண்டு பிறகு அனுப்புகிறது. தொடர்ச்சியான விடுமுறையில் நெட்வொர்க் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் தரவு நாட்கணக்கில் தாமதமாக வரும். எவ்வளவு தாமதமாக வரக்கூடுமோ அதைவிட நீண்ட காலத்தைப் பின்னோக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பத்து நாள் என்று வைத்தேன். மாறாத பகுதிகளைத் தரவுத்தளம் திரும்பக் கணக்கிடுவதில்லை என்பதால் இந்தத் தாராளத்தால் சர்வருக்குச் சுமை கூடவில்லை.

தாமதத் தரவைவிட நேரம் தவறிய தரவு தொல்லை மிகுந்தது. ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய ராஸ்பெர்ரி பைகளில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்வெட்டு முடிந்து எழும்போது, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே அது தொடர்கிறது. இணையத்திலிருந்து நேரம் கிடைக்கும் வரை படிக்கும் அளவீடுகள் எல்லாம் பழைய நேரத்தில் போய் விழும். டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரச் சில்லைப் பேட்டரியோடு பொருத்தியதும் இந்தக் கவலை தீர்ந்தது. மீட்டரும் நேரமும் சேர்ந்த தனித்துவக் குறியீட்டை மூல அட்டவணையில் வைத்து, ஒரே அளவீடு இரண்டாம் முறை வந்தால் ஓசையின்றி விட்டுவிடும்படி எழுதியிருக்கிறேன். ஹைப்பர்டேபிளில் தனித்துவக் குறியீடு எதுவானாலும் அதில் நேரப் பத்தி இருந்தாக வேண்டும் என்ற விதியோடு இது இயல்பாகவே பொருந்துகிறது.

மூல அளவீடுகளை 90 நாட்களுக்குப் பிறகு நீக்கிவிடவும், கால்மணித் தொகுப்பைக் காலவரையின்றி வைத்துக்கொள்ளவும் கொள்கை எழுதினேன். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சோதனைத் தரவுத்தளத்தில் அதை வேண்டுமென்றே நடத்திப் பார்த்தேன். நீக்கப்பட்ட காலப்பகுதியும் புதுப்பிக்கும் சாளரத்துக்குள் வந்தால், மூலத்தில் வரிசைகள் இல்லை என்பதைத் தரவுத்தளம் ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொண்டு தொகுப்பிலும் அவற்றை அழித்துவிடுகிறது. அதன் தர்க்கப்படி அது சரிதான். ஆகவே பின்னோக்கிப் பார்க்கும் காலம் மூலத்தை வைத்திருக்கும் காலத்தைவிட எப்போதும் குறைவாக இருக்க வேண்டும். பத்து நாளுக்கும் 90 நாளுக்கும் இடையே போதிய தூரம் இருக்கிறது. கையால் புதுப்பிக்கும் கட்டளையை எழுதும்போது தொடக்க நேரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது என்பதைப் பராமரிப்புக் குறிப்பின் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் புதுப்பிக்காத கடைசிப் பகுதியை மூலத்திலிருந்து அப்போதைக்கப்போது கணக்கிட்டுச் சேர்த்துக் காட்டும் உடனடித் தொகுப்பு வசதியும் உண்டு. 2.13 பதிப்பிலிருந்து அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. வேண்டுமென்றால் நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். நான் அணைத்தே வைத்திருக்கிறேன். ஷெட் சுவரில் உள்ள திரைக்கு மட்டும் மூல அட்டவணையிலிருந்து கடைசி அரை மணியைத் தனியாகப் படிக்கிறேன்.

நாள் தொகுப்பை, 2.9 பதிப்பிலிருந்து கிடைக்கும் வசதியைக் கொண்டு, கால்மணித் தொகுப்பின் மேலேயே அடுக்கினேன். கணக்குப் பிரிவுக்கான நாளில் டைம்_பக்கெட் சார்புக்கு ஆசியா/கொல்கத்தா என்று மண்டலத்தைச் சொன்னேன். மில் நாளுக்கு, காலை 8 மணி உலகப் பொது நேரத்தில் 2.30 என்பதால், நாளின் தொடக்கத்தை இரண்டரை மணி நேரம் தள்ளி வைத்தேன். ஷிப்ட்டுக்குத் தொடர் தொகுப்பே எழுதவில்லை. ஷிப்ட்_நாட்காட்டி என்ற அட்டவணையில் ஒவ்வொரு ஷிப்ட்டும் ஒரு வரிசை: மில் நாள், ஷிப்ட் பெயர், நேர வீச்சு. போஸ்ட்கிரெஸில் நேர வீச்சுக்கென்றே தரவு வகை உண்டு. தொடக்கத்தைச் சேர்த்தும் முடிவைச் சேர்க்காமலும் அதை எழுதினால், 4.30-க்குத் தொடங்கும் கால்மணி அரை நைட்டுக்கு மட்டும் போகும், இரண்டிலும் விழாது. இரண்டு ஷிப்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்று விலக்குக் கட்டுப்பாடு, எல்லைகள் கால்மணியில்தான் நிற்க வேண்டும் என்று சோதனைக் கட்டுப்பாடு, இரண்டையும் அட்டவணையிலேயே வைத்தேன். தீபாவளிக்கு முன்தினம் அரை நைட்டோடு ஆலை நின்றால் அந்த நாளின் மூன்றாம் வரிசையை எழுதாமல் விட்டால் போதும். உச்ச நேரத்துக்கும் இதே போன்ற அட்டவணை. ஆணை மாறினால் நிரலில் கைவைக்க வேண்டியதில்லை. எந்தத் தேதியிலிருந்து என்று புதிய வரிசைகள் சேரும், பழைய மாதங்களின் கணக்கு பழைய எல்லைகளோடு அப்படியே நிற்கும்.

யுகேஜி கணக்கில் யூனிட் ஒரு பாதிதான். உற்பத்திக் கிலோ, ரிங் ஃபிரேம்களில் நூலின் நீளத்தை அளக்கும் ஹேங்க் மீட்டரிலிருந்து ஷிப்ட் முடிவில் எழுதப்படுகிறது. நம்பர் கூடக் கூட, அதாவது நூல் மெலியும்போது, ஒரு கிலோவுக்கு ஆகும் மின்சாரமும் கூடும். ஆகவே எந்த ஃபிரேமில் எந்த நம்பர் ஓடியது என்பதையும் சேர்த்துப் பதிந்து, ஒரே நம்பர் ஓடிய ஷிப்ட்டுகளை மட்டும் ஒப்பிடும்படி அறிக்கையை அமைத்தேன். நாற்பதாம் நம்பர் ஓடிய ஷிப்ட்டை அறுபதாம் நம்பர் ஓடிய ஷிப்ட்டோடு நிறுத்துப் பார்ப்பது தொழிலாளருக்குச் செய்யும் அநியாயம்.

சிறுமத்தையும் பெருமத்தையும் கால்மணி வரிசையில் வைத்ததன் பலன் கம்ப்ரசரில் தெரிந்தது. வார விடுமுறையில் மெஷின்கள் எல்லாம் நின்றிருக்க, ஒரு கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லோடில், அதாவது காற்றடைக்கும்போது, 55 கிலோவாட், அன்லோடில், அதாவது சும்மா சுழலும்போது, 18 கிலோவாட் என்று அது மாறி மாறி ஓடும். இந்த இரண்டும் கால்மணியின் பெருமமாகவும் சிறுமமாகவும் அப்படியே கிடைக்கின்றன. அன்றைய சராசரி 29 கிலோவாட். சராசரியிலிருந்து சிறுமத்தைக் கழித்து, பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் லோடில் இருந்த நேரத்தின் பங்கு வருகிறது: 37-இல் 11, ஏறக்குறைய முப்பது சதவீதம். காற்றை எடுக்க எந்த மெஷினும் இல்லாத நேரத்தில் கம்ப்ரசர் மூன்றில் ஒரு பங்கு நேரம் காற்றடைக்கிறது என்றால் அந்தக் காற்று போகும் இடம் குழாய்க் கசிவுதான். ஆட்டோகோனர் பகுதிக்குப் போகும் லைனில் இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோப்பு நீர் தடவிப் பார்த்து இறுக்கிய பிறகு, அடுத்த விடுமுறையில் அதே கணக்கு பாதிக்கும் கீழே வந்தது. கிலோவாட் சராசரியை மட்டும் வைத்திருந்தால் 29 என்ற எண்ணைப் பார்த்து யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாத முடிவில் இன்கமர் மீட்டரின் மொத்தத்தைத் துறை மீட்டர்களின் கூட்டலோடும், வாரிய மீட்டரின் யூனிட்டோடும் ஒப்பிடும் வினவல் ஒன்றும் இருக்கிறது. வாரிய மீட்டர் உயரழுத்தப் பக்கத்தில் நிற்கிறது. நம் இன்கமர் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நிற்கிறது. ஆகவே வாரியத்தின் எண் எப்போதும் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். அது குறைந்து வந்தால் ஏதோ ஒரு மீட்டரின் சிடி (மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குத் தரும் டிரான்ஸ்பார்மர்) விகிதம் தவறாகப் பதியப்பட்டிருக்கிறது என்று பொருள். டிரான்ஸ்பார்மரின் இழப்பில் ஒரு பகுதி லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுவது என்பதால், விடுமுறை மிகுந்த மாதத்தில் இந்த வித்தியாசத்தின் சதவீதம் கூடும். இப்போது அந்த வித்தியாசத்தைக் கால்மணி வாரியாகப் பார்ப்பதற்காக, உயரழுத்தப் பக்கத்திலேயே நமக்கென்று ஒரு சோதனை மீட்டரைப் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதன் மோட்பஸ் பட்டியலைப் படித்து, வாட்-மணி முழு எண்ணாக எந்தப் பதிவேட்டில் வருகிறது, எந்த எண்ணில் சுழியத்துக்குத் திரும்புகிறது என்ற இரண்டையும் மீட்டர் அட்டவணையில் ஏற்கெனவே பதிந்துவிட்டேன்.